நியூட்ரான்மேல் பழி போடும் முன்

அன்புள்ள இளம் பொறியாளருக்கு,

2003 மே 18. பெல்ஜியத்தில் பொதுத் தேர்தல். பிரஸ்ஸல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஸ்கார்பேக்கில் ஒரு வேட்பாளருக்கு, விழ வாய்ப்பே இல்லாத அளவு ஓட்டுகளைக் கணினி காட்டியது. மறுபடி எண்ணியபோது மிகை சரியாக 4096. பன்னிரண்டு முறை இரண்டைப் பெருக்கினால் வரும் எண் அது. நினைவகத்தில் ஒரேயொரு பிட் 0-விலிருந்து 1-க்குப் புரண்டாலே போதும். வல்லுநர்களுக்கு வேறு பிழை அகப்படவில்லை; விண்ணிலிருந்து வந்த துகளாக இருக்கலாம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் அதை யாரும் நிரூபிக்கவில்லை.

இன்டெல் ஆய்வாளர்கள் டிமோதி மேயும் மரே வுட்ஸும் 1970-களின் பிற்பகுதியில் இப்படியொரு புதிரைச் சந்தித்தார்கள். நினைவகச் சிப்புகளில் பிட் புரண்டது. திரும்ப எழுதினால் சரியானது. சந்தேகத்தோடு அவர்கள் நிற்கவில்லை. ஆல்ஃபா கதிர்மூலத்தைச் சிப்புக்கு அருகே வைத்தார்கள். பிழைகள் பெருகின. சிப்பை மூடிய உறையிலேயே துளியளவு யுரேனியமும் தோரியமும் ஒளிந்திருந்தன.

விண்துகள்கள் காற்றில் மோதிப் பிறக்கும் அதிவேக நியூட்ரான்களும் பிட்டைப் புரட்டும். நியூயார்க்கில், கடல் மட்டத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் மணிக்குச் சுமார் 13 விழுகின்றன. இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் உள்ள சிப்ஐஆர் நியூட்ரான் பீமில் ஒரு சிப்பை ஒரு மணி நேரம் வைத்தால், அது தரையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குச் சமம். அந்த பீம் நேரம் அரிது என்பதால்தான் சோதனைக்கு வரும் புதியவர்கள் பதறுகிறார்கள்.

பதறாதீர்கள். பீம் திறக்கும் முன், சோதிக்கப்போகும் அதே போர்டை அதே நீளக் கேபிளோடு இரவு முழுக்க ஓடவிடுங்கள். அப்போது வரும் பிழை தளர்ந்த கனெக்டர் போன்றவற்றுடையது, நியூட்ரானுடையதல்ல. மின்னோட்டத்தையும் விடாமல் பதிவு செய்யுங்கள். லாட்ச்-அப், அதாவது சிப்புக்குள் தேவையற்ற மின்பாதை ஒன்று திறந்தே நிற்பது, நேர்ந்தால் மின்னோட்டம் சட்டென ஏறும். மின்சாரத்தைத் துண்டித்தால்தான் இறங்கும். லாட்ச்-அப்பைப் பிட் புரள்வதோடு சேர்த்து எண்ணினால் கணக்கே கெட்டுவிடும்.

பீமில் பிழையே வராவிட்டால்?

‘சிப்புக்கு ஒன்றும் ஆகாது’ என்று எழுதாதீர்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் விழுந்த மொத்த நியூட்ரான் எண்ணிக்கையால் 3-ஐ வகுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு நியூட்ரான் என்ற கணக்கில் பிழைக்கான வாய்ப்பு அந்த அளவைத் தாண்டாது என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல உங்களிடம் ஆதாரம் கிடையாது. அந்தச் சிப் நாளை ஒரு விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணினியில் போய் உட்காரலாம். அந்தக் கணினியை வடிவமைப்பவர் உங்கள் அறிக்கையைத்தான் புரட்டுவார். பீம் மூடியிருந்த அந்த இரவின் பதிவையும் அதில் இணைத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பே இந்த வேலைக்கு வந்த ஒருவர்