சத்தம் போடும் கணினி: எதை மாற்றலாம், எதை விடலாம்?

பெட்டாலிங் ஜெயாவில் பல்லாண்டுகளாக ஹார்ட் டிஸ்க் தயாரித்துவந்த தன் ஆலையை மூடப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2018 ஜூலையில் அறிவித்தது. 2019 இறுதிக்குள் உற்பத்தி நிற்கும் என்றது. கணினிகளுக்கான ஹார்ட் டிஸ்க் தேவை குறைந்துவருவதைக் காரணமாகச் சொன்னது. அதே வேளையில் பினாங்கில் எஸ்எஸ்டி உற்பத்தியைப் பெருக்கியது. சுங்கை வே தொழிற்பேட்டையை நம்பி வாழ்ந்த வட்டாரத்துக்கு அது வேலை இழப்புச் செய்தி. கணினியின் உள்ளே நடந்துகொண்டிருந்த மாற்றத்தையும் அது காட்டியது. சுழலும் தட்டின் கரகரப்பு வீடுகளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் கணினியின் இரைச்சல் போகவில்லை. மலேசியாவின் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் கணினிக்கென்று தனி அறை இருப்பது அரிது. ஹாலின் ஒரு மூலையிலோ பிள்ளைகள் படுக்கும் அறையிலோதான் அது இருக்கும். பக்கத்திலேயே எஸ்பிஎம் தேர்வுக்குப் பிள்ளை படிக்கும். இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா பகலில் கண்ணயர்வார். படுக்கையறைக்குள் தொடர்ச்சியான ஓசை 30 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி. வீட்டில் அமைதி என்பது ஆடம்பரம் அல்ல, தேவை. அதற்காகச் செலவழிக்கும் பணம் வீணாகக்கூடாது. அதனால் கடைவீதியிலும் நண்பர்கள் வட்டத்திலும் உலவும் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துவிடுவோம்.

நம்பிக்கை 1: எஸ்எஸ்டி போட்டால் கணினி அமைதியாகிவிடும்.

உண்மை: பாதி சரி. எஸ்எஸ்டியில் அசையும் பாகம் எதுவும் இல்லை, அதனால் அதிலிருந்து ஓசை வராது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு வினாடிக்கு 120 முறை சுற்றுகிறது. அந்த அதிர்வு கேஸின் தகட்டுக்குள் இறங்கி, மேசை வழியாகவும் ‘உம்’ என்று கேட்கும். உங்கள் கணினியில் இன்னும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை மாற்றுவது நல்ல செலவுதான். படங்களும் காணொளிகளும் நிறைய இருந்து ஹார்ட் டிஸ்க்கை விடமுடியாவிட்டால், திருகுகளுக்கு இடையே ரப்பர் வளையம் போட்டாலே அதிர்வு குறையும். ஆனால் உங்களை எரிச்சலூட்டுவது ‘உஸ்’ என்ற காற்றோசை என்றால், எஸ்எஸ்டி அதை ஒரு துளியும் குறைக்காது. அது காற்றாடியின் ஓசை. காற்றாடியை ஓட்டுவது சூடு.

நம்பிக்கை 2: காற்றாடி கூடினால் சத்தமும் கூடும்.

உண்மை: எண்ணிக்கையைவிட வேகம்தான் பெரிய காரணம். ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு காற்றாடிகள் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபெல் கூடவேண்டும். மாறாக, ஒரு காற்றாடியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஏறக்குறைய 15 டெசிபெல் இறங்கிவிடும். ஆகவே வேகமாக ஓடும் ஒன்றைவிட, மெதுவாக ஓடும் இரண்டு அதே காற்றைத் தந்து அமைதியாகவும் இருக்கும்.

அளவுக்கும் இதே கணக்குதான். கூரையில் தொங்கும் பெரிய காற்றாடி மெல்லச் சுற்றியே அறை முழுதும் காற்றைத் தருகிறது, மேசைக் காற்றாடியோ சிறிய வட்டத்துக்கே விர்ரென்று ஓடுகிறது. கேஸில் இடமிருந்தால் 80 மில்லிமீட்டர் காற்றாடிக்குப் பதில் 120 அல்லது 140 மில்லிமீட்டர் போடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று ஊசிக் காற்றாடியை, நான்கு ஊசிக் காற்றாடிக்கென அமைக்கப்பட்ட இணைப்பில் செருகினால் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடும். புதுக் காற்றாடி வாங்கியும் சத்தம் குறையவில்லை என்று வருந்துவோர், முதலில் பயாஸில் அந்த இணைப்பின் அமைப்பை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்குச் செலவில்லை.

நம்பிக்கை 3: தண்ணீர் கூலர் சத்தமே போடாது.

உண்மை: தண்ணீர் சூட்டைச் செயலியிலிருந்து வேறிடத்துக்கு எடுத்துச்செல்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து சூட்டை வெளியேற்ற ரேடியேட்டரில் காற்றாடிகள் வேண்டும். அவற்றோடு பம்ப் ஒன்றும் சேர்கிறது. காற்றாடியை மெதுவாக்கலாம், பம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும். குழாயில் காற்றுக் குமிழி சிக்கினால் சலசலப்பும் கேட்கும். அதிகச் சூடு உமிழும் உயர்நிலைச் செயலிகளுக்குத் தண்ணீர் கூலர் பொருந்தும். படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் நடுத்தர விளையாட்டுக்கும், 120 மில்லிமீட்டர் காற்றாடியுள்ள நல்ல டவர் கூலர் போதும். செயலியோடு பெட்டியில் வரும் சிறிய கூலரைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்துவதுதான், பல வீடுகளில் காதுக்கு உடனே தெரியும் மாற்றம்.

நம்பிக்கை 4: ஒலியடக்கும் பஞ்சு ஒட்டிய மூடிய கேஸ்தான் அமைதியானது.

உண்மை: கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. பஞ்சு கீச்சென்ற உயர் ஓசையைக் கொஞ்சம் விழுங்கும். தாழ்ந்த ‘உம்’ ஓசையை அது பெரிதாகத் தடுக்காது. மூடிய முகப்போ காற்று நுழையும் வழியை அடைக்கிறது.

இணையத்தில் நாம் பார்க்கும் வெளிநாட்டுச் சோதனைகளில் பல, 20 அல்லது 22 டிகிரி அறையில் நடப்பவை. இங்கே பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடுகிறது. ஏர்கோன் இல்லாத அறையில் இரவிலும் பெரிதாக இறங்குவதில்லை. அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ, கணினியின் உட்சூடும் ஏறக்குறைய அத்தனை டிகிரி கூடும். பத்து டிகிரி கூடுதலோடு தொடங்கும் நம் கணினியை மூடிய பெட்டிக்குள் வைத்தால், காற்றாடிகள் இன்னும் வேகமாக ஓடித்தான் ஈடுகட்டும். பஞ்சு தடுத்ததைவிட அதிக ஓசை அங்கே பிறந்துவிடும். வெயில் ஊருக்கு ஏற்றது, முன்பக்கம் வலையுள்ள, காற்று தாராளமாகப் புகும் கேஸ். சூடு எளிதாக வெளியேறினால் காற்றாடி மெல்லச் சுற்றும்.

நம்பிக்கை 5: கோல்ட் சான்று உள்ள பவர் சப்ளை என்றால் அமைதியானது.

உண்மை: கோல்ட் உள்ளிட்ட 80 பிளஸ் சான்று மின்சாரம் வீணாகாமல் மாறுவதைக் குறிக்கிறது, சத்தத்தை அது அளப்பதே இல்லை. ஆனாலும் மறைமுகப் பயன் உண்டு. கணினிக்கு 300 வாட் தேவை என்றால், 85 விழுக்காட்டுத் திறனுள்ள பவர் சப்ளை 53 வாட்டைச் சூடாக வீணாக்கும். 90 விழுக்காட்டுத் திறனுள்ளது 33 வாட்டை வீணாக்கும். சூடு குறைந்தால் அதன் காற்றாடிக்கு வேலை குறையும். ஆனால் மலிவான காற்றாடி பொருத்திய கோல்ட் பவர் சப்ளையும் கடையில் கிடைக்கிறது. சத்தத்தை அளந்து சைபெனெடிக்ஸ் நிறுவனம் தரும் தரவரிசை தனியாக இருக்கிறது, வாங்குமுன் அதைப் பாருங்கள். பழைய பவர் சப்ளை நன்றாக ஓடினால் சத்தத்துக்காக மட்டும் மாற்ற அவசரப்பட வேண்டாம்.

நம்பிக்கை 6: கிராபிக்ஸ் கார்டு இரைந்தால் புதிதுதான் வாங்க வேண்டும்.

உண்மை: வாங்குமுன் அதன் மின்வரம்பைக் குறைத்துப் பாருங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் பிற நிறுவனக் கார்டுகளிலும் வேலை செய்யும். வரம்பை 80 விழுக்காட்டுக்கு இறக்கினால் சூடும் காற்றாடி வேகமும் நன்றாகக் குறையும். விளையாட்டின் வேகம் பொதுவாக அந்த அளவுக்குக் குறையாது. திரை வினாடிக்கு 60 படம் மட்டுமே காட்டக்கூடியது என்றால் கார்டு 200 படம் வரைந்து பயனில்லை. விளையாட்டின் அமைப்பில் அதற்கு வரம்பு வையுங்கள். கார்டிலிருந்து வரும் ‘கீச்’ ஓசை காற்றாடியுடையது அல்ல, மின்சுருள்கள் அதிர்வதால் எழுவது. அதுவும் படவரம்பு வைத்தால் பெரும்பாலும் தணியும்.

நம்பிக்கை 7: சூடு ஏறினால் செயலி கெட்டுவிடும், அதனால் காற்றாடி வேகமாக ஓடியே ஆகவேண்டும்.

உண்மை: இன்றைய செயலிகள் சூட்டைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை. ஏஎம்டி 2022இல் வெளியிட்ட ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரை இயங்கும்படியே அமைந்தது. எல்லையைத் தொட்டால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். 70 டிகிரியில் ஓடும் செயலியை 60க்கு இறக்க வீட்டையே இரைச்சலாக்க வேண்டியதில்லை. பயாஸில் காற்றாடியின் வேகக்கோட்டை மாற்றுங்கள். 60 டிகிரி வரை ஒரே மெதுவான வேகம், அதன்பின் படிப்படியாக ஏற்றம். ஏறி ஏறி இறங்கும் ஓசைதான் தூக்கத்தைக் கலைக்கும், சீரான ஓசையைக் காது விரைவில் மறக்கும்.

அப்படியானால் எந்த வரிசையில் போகலாம்? முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். நாளிதழைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து ஒவ்வொரு பாகத்தின் அருகிலும் கேளுங்கள். அதிகம் இரைவது எதுவோ அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றினால் காதுக்கு வித்தியாசமே தெரியாது.

அடுத்து தூசு. கூட்டரசு நெடுஞ்சாலை ஓரத்துப் புகையும், சாமி அறைச் சாம்பிராணியும், சமையல் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து கூலரின் இடுக்குகளை அடைத்துவிடும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மின்கம்பியைக் கழற்றிவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். காற்று அடிக்கும்போது காற்றாடி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் பழைய கணினி என்றால் தெர்மல் பேஸ்ட்டையும் புதுப்பித்துவிடுங்கள்.

மூன்றாவதாக, காற்றாடி வேகம், மின்வரம்பு, படவரம்பு ஆகிய இலவச மாற்றங்கள். இவற்றுக்குப் பிறகும் இரைச்சல் இருந்தால்தான் பணப்பையைத் திறக்க வேண்டும். அப்போதும் முதலில் கூலரும் பெரிய காற்றாடிகளும், ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி, பின்னர் பவர் சப்ளை, கடைசியாகக் கேஸ். லோ யாட் பிளாசாவுக்குப் போகுமுன் உங்கள் கேஸில் கூலருக்கு எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பொருந்தாத கூலரை வாங்கித் திரும்பும் அலைச்சல் மிச்சமாகும்.

இந்த வார இறுதியில் கணினியின் பக்கமூடியைத் திறந்து, தூசியைத் துடைத்து, வேகக்கோட்டைச் சரிசெய்து பாருங்கள். அதற்குப் பிறகும் இரைவது எந்தப் பாகமோ, அதை மட்டும் வாங்குங்கள்.