காலை எந்த மட்டத்தில் எடுப்பது? தோலின் ஒட்சிசன் அளவீடு

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிக் கரையோரத்துக்கு இளைஞராக வந்தவர்கள் இன்று முதியவர்கள். சீனி வருத்தத்தோடு மன்னார், முசலிப் பக்கம் திரும்புவோரும் அவர்களுள் உள்ளனர். உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காலில் ஆறாத புண் இருந்தால் இதை வாசியுங்கள்.

வைத்தியர் காலை எடுக்க வேண்டும் என்றால், "விரலை மட்டும் எடுத்தால் போதாதா?" என்றுதான் வீட்டார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வெட்டிய இடம் ஆறுவதற்கு அங்குள்ள தோலுக்கு இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுவர வேண்டும். அது போதாத இடத்தில் வெட்டினால் தையல் போட்ட இடம் கறுத்து, மறுபடி மேலே வெட்ட நேரிடும். தேவைக்கு மேல் வெட்டினாலோ முழங்கால் போய்விடும். முழங்கால் இருந்தால் செயற்கைக் காலோடு நடப்பது மிகவும் இலகு. கடற்கரை மணலில் நடப்பவருக்கு இது சிறிய விடயமல்ல.

இதைத் தீர்மானிக்க உதவுவதே தோலின் ஒட்சிசன் அளவீடு. நாணயமளவு உணரி ஒன்றைப் பாதத்தின் மேற்புறத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் ஒட்டுவார்கள். அது தோலை இளஞ்சூடாக்கி, வெளிவரும் ஒட்சிசனை அளக்கும். ஊசி இல்லை, நோவு இல்லை; சுமார் 20 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். விரலில் மாட்டும் கிளிப் வேறு. அது இரத்தத்திலுள்ள ஒட்சிசனைக் காட்டுமே தவிர, புண் ஆறுமா என்று சொல்லாது.

பொதுவாக 40 மில்லிமீற்றர் இரசத்துக்கு மேல் இருந்தால் அவ்விடம் ஆறும் வாய்ப்பு அதிகம். 20க்குக் கீழ் என்றால் மிகக் குறைவு. இடைப்பட்ட அளவில் வைத்தியரின் அனுபவமே பேசும். வீக்கமோ கிருமித்தொற்றோ இருந்தால் அளவு பிழைக்கலாம். ஆகவே இந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் வெட்டுவதில்லை. நாடித்துடிப்பு, கணுக்காலின் இரத்த அழுத்தம், ஸ்கேன் எல்லாம் சேர்த்தே பார்ப்பார்கள்.

இக்கருவி எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. ஒப்பமிடுமுன் இரண்டைக் கேளுங்கள்: இந்த மட்டத்தில் புண் ஆறுமா? அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து முழங்காலைக் காப்பாற்ற முடியுமா? ஆனால் கால் கறுத்து, துர்நாற்றமும் காய்ச்சலும் வந்துவிட்டால் கருவி தேடி அலையாதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஊர் மாறும்போது கிளினிக் கொப்பி, ஸ்கேன் அறிக்கைகளைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கையோடு வைத்திருங்கள், லொறிச் சாமானுக்குள் போடாதீர்கள். வெட்டிய இடம் நன்கு ஆறிய பின் செயற்கைக் காலுக்கு, 1987 முதல் இயங்கும் யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையத்தில் விசாரிக்கலாம்.