பைக்குக்கு சைடு லாக் மட்டும் போதுமா?

கேள்வி: இரவில் பைக்கைத் தெருவில்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. சைடு லாக் போட்டால் போதுமா? திருடு போனால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: சைடு லாக் ஹேண்டிலைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கும் சிறிய உலோக முளை மட்டுமே. ஹேண்டிலை ஓங்கி ஒரு உதை உதைத்தாலே பல வண்டிகளில் அது முறிந்துவிடும். அதனால் இரண்டாவது பூட்டு கட்டாயம் தேவை. முன் சக்கர டிஸ்க்கின் துளையில் மாட்டும் டிஸ்க் லாக் வண்டியை உருட்டவிடாது. ஆனால் அதைக் கழற்ற மறந்து வண்டியை எடுத்தால் கீழே விழ நேரும். பூட்டு இருப்பதை நினைவூட்ட ஹேண்டிலில் ஒரு வண்ணக் கயிறு கட்டி வைப்பது நல்லது. பூட்டிய வண்டியையும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போக முடியும். வலுவான சங்கிலியை வண்டியின் சட்டத்தோடு கம்பத்திலோ கேட்டிலோ பிணைத்தால்தான் அதைத் தடுக்கலாம். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. தரையில் வைத்து வெட்டுவது எளிது. ஜி.பி.எஸ். கருவி திருட்டைத் தடுக்காது, தேடத்தான் உதவும்.

இன்சூரன்ஸில் பலர் ஏமாறுகிறார்கள். தேர்டு பார்ட்டி பாலிசியில் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. முழுமையான பாலிசி வேண்டும். திருடு போனதும் காவல் நிலையத்தில் புகார் தந்து எஃப்.ஐ.ஆர். நகல் பெற்று, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். வண்டியின் இரண்டு சாவிகளையும் நிறுவனம் கேட்கும். சாவியை வண்டியிலேயே விட்டுச் சென்றது தெரிந்தால், கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டை மறுக்க வாய்ப்புண்டு.