மாயமனை காணச் சென்றோர்

புதுக்கோட்டை நகரோடு இணைந்து விளங்கும் ஊர் திருக்கோகர்ணம். பாறையைக் குடைந்து அமைத்த கோயிலில் கோகர்ணேசுவரரும், தொண்டைமான் மன்னர்தம் குலதெய்வமாகிய பிரகதாம்பாளும் இங்கு எழுந்தருளியுள்ளனர். 1910ஆம் ஆண்டில் தோன்றிய அரசு அருங்காட்சியகமும் இவ்வூரிலேயே உள்ளது. மண்ணுள் புதைந்த தாழியும், மன்னர் வழங்கிய காசும், போர்வீரர் ஏந்திய வாளும் அங்கே பேணி வைக்கப்பட்டுள்ளன.

இவ்வூரில் தையற்கலைஞர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். அகவை எழுபத்தொன்பது. அவருடைய கடைச்சுவரில் தெய்வப் படங்களுக்கு அடுத்தபடியாக மாலையிட்டுத் தொங்குவது நடிகர் பி. யு. சின்னப்பாவின் படமாகும். சின்னப்பா 1916ஆம் ஆண்டில் புதுக்கோட்டையிற் பிறந்தவர், இளமையிலேயே சிறுவர் நாடகக் குழுக்களில் சேர்ந்து பாட்டும் நடிப்பும் பயின்றவர், சிலம்பத்திலும் தேர்ந்தவர். ஆரியமாலா, கண்ணகி, ஜகதலப்பிரதாபன் முதலிய படங்களால் பெரும்புகழ் எய்தி, 1951ஆம் ஆண்டில் முப்பத்தைந்து அகவையிலேயே மறைந்தார். முதியவர் அவரை நேரிற் கண்டதில்லை. தந்தையார் சொல்லக் கேட்டும், பின்னர் ஊர்க்கொட்டகைகளில் பழைய படங்கள் வந்தபோது மணலிற் குந்திப் பார்த்தும் வளர்ந்த அன்பு அது.

1940ஆம் ஆண்டில் வெளிவந்த 'உத்தமபுத்திரன்' என்னும் படத்தில் சின்னப்பா இரட்டைப் பிறவியராகிய இரு இளவரசராகவும் தாமே தோன்றினார். தமிழ்த் திரையில் ஒருவரே இரு வேடம் பூண்ட முதற் படம் அதுவேயாம். அதனை எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். தந்தையார் அப்படத்தை ஏழு முறை பார்த்தவர். பார்த்தும் மருமம் விளங்காதவர். "இரண்டு சின்னப்பா நின்றார்களடா! நான் கண்ணாற் கண்டேன்," என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இருவரும் நின்ற இடத்தைத் தாம் ஒருமுறை மிதித்துவிட வேண்டும் என்பது மகனாகிய முதியவரின் நெடுநாள் ஆசை. கண்ணிற் புரை வளர்ந்து வருவதால் இனியும் தள்ளிப்போடலாகாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்.

உடன் செல்ல இருவர் இசைந்தனர். ஒருவர் நாடக மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து ஓய்ந்தவர். மற்றவர் மாவரைக்கும் ஆலை நடத்தியவர். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் பெயரனும் ஒட்டிக்கொண்டான். விடியற்கு முன்னரே வாடகைக் கார் புறப்பட்டது.

திருச்சி கடந்து, காவிரியின் வடகரையில் முசிறியும் தொட்டியமும் பின்னே செல்ல, பேச்சு சூடேறிற்று. "இப்பொழுது இரட்டை வேடம் என்ன பெரிது, தாத்தா? கணிப்பொறியிற் பத்துப் பேரையும் காட்டலாமே," என்றான் பெயரன். முதியவர் முகம் வாடிற்று. ஆர்மோனியக் காரர்தாம் விடை கூறினார்.

"தம்பி, அக்காலத்தில் கணிப்பொறி ஏது? இருந்தவை ஒரு கருவி, ஒரு சுருள், ஒரு கறுப்பு அட்டை. கருவியின் கண்ணாடியில் ஒரு பாதியை அட்டையால் மறைத்துவிடுவார்கள். நடிகர் மறு பாதியில் நின்று நடிப்பார். பிறகு வெளிச்சம் படாமற் சுருளைப் பின்னோக்கிச் சுற்றித் தொடங்கிய கட்டத்திற்கே கொண்டுவருவார்கள். எண்ணிக்கை தவறினால், ஒருவர் கேட்குமுன் மற்றவர் விடை சொல்லிவிடுவார்! அடுத்து, அட்டையை மாற்றிப் படம்பிடித்த பாதியை மறைப்பார்கள். நடிகர் உடைமாற்றி இந்தப் பக்கம் வந்து நிற்பார். எதிரே வெறும் காற்று. அந்தக் காற்றைப் பார்த்துக் கோபிக்க வேண்டும், கண்ணீர் விட வேண்டும். கருவி மயிரிழை அசைந்தாலும், விளக்கின் ஒளி சற்றுக் கூடினாலும் நடுவே கோடு தெரிந்துவிடும். அதற்காகவே தூணையோ கதவு நிலையையோ நடுவில் நிறுத்தி அக்கோட்டை ஒளிப்பார்கள். கை நீட்டிக் கோட்டைத் தாண்டினாலோ, கை வெட்டுண்டு போகும்."

"அப்படியானால் இருவரும் தழுவிக்கொள்வது?" என்று பையன் விடாது கேட்டான்.

"முதுகு காட்டுபவர் வேறொருவர்," என்றார் அவர்.

ஆலைக்காரர் சிரித்தார். முதியவர் மட்டும் சாளரத்தின் வழியே வெளியே நோக்கியவாறு, "என் தகப்பனாருக்கு இதை யாரும் சொல்லவில்லையே," என்றார். சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருப்பாரா என்பது ஐயமே.

மாடர்ன் தியேட்டர்சை நிறுவியவர் திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம். நெசவுத் தொழில் நடத்திய குடும்பத்தில் 1907ஆம் ஆண்டு பிறந்து, இங்கிலாந்து சென்று அத்தொழிற் கல்வியே பயின்று மீண்டவர். 1935ஆம் ஆண்டில் ஏற்காட்டு மலையடிவாரத்தில் படமனையைத் தொடங்கினார். சென்னைக்குச் செல்லாமலேயே படமெடுக்க வேண்டிய அனைத்தையும் ஒரே வளாகத்தில் அமைத்தார். 1938ஆம் ஆண்டில் முதல் மலையாளப் பேசும் படமாகிய 'பாலன்' இங்கிருந்தே வெளிவந்தது. மு. கருணாநிதி உரையாடல் எழுதிய 'மந்திரிகுமாரி' 1950இல் வந்தது. 1956இல் எம். ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. முழுவதும் வண்ணத்தில் அமைந்த முதல் தமிழ்ப்படம் அது. மந்திரச் சொல்லுக்குத் திறக்கும் குகையையும், உள்ளே குவிந்த பொன்னையும் கண்டு வாய்பிளந்த பத்து வயதுச் சிறுவர்களுள் நம் முதியவரும் ஒருவர். நேரந் தவறாமையிற் சுந்தரம் மிகக் கண்டிப்பானவர் என்பர். அக்கண்டிப்பே ஒரு நூற்றுக்கு மேற்பட்ட படங்களை அந்நிறுவனம் எடுக்க வழிசெய்தது எனல் மிகையன்று. 1963இல் அவர் மறைந்தபின் மகனார் சில காலம் நடத்தினார்.

சேலத்தை அடைந்து ஏற்காடு செல்லும் சாலையில் திரும்பியதும் வண்டி நின்றது. எதிரே வளைந்த முகப்புடன் ஒரு வாயில். மேலே நிறுவனத்தின் பெயர். முதியவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

வாயிலுக்கு அப்பால் வீடுகள் இருந்தன. துணி உலரும் மாடிகள், இரும்புக் கதவுகள், நிறுத்திய ஊர்திகள். படப்பிடிப்புக் கூடம் இல்லை, அரண்மனை இல்லை, குகையும் இல்லை. படமனை மூடப்பட்ட செய்தியை அவர் அறியாதவரல்லர். ஏதேனும் ஒரு சுவராவது நிற்கும் என்றே எண்ணி வந்திருந்தார். அருகிலிருந்த தேநீர்க் கடையில், "இரட்டை வேடப் படம் எடுத்த கூடம் எந்தப் பக்கம், ஐயா?" என்று வினவினார். கடையிலிருந்த இளைஞன், "எந்தக் கூடம்?" என்று திருப்பிக் கேட்டான்.

கடைப்பலகையில் அமர்ந்திருந்த ஒரு கிழவர் நிமிர்ந்தார். இளமையில் அங்குத் தச்சு வேலைக்குக் கையாளாகச் சென்றவராம். "கோட்டை கேட்கிறீர்களா? முன்பக்கம் பார்த்தால் கருங்கல். பின்பக்கம் சென்றால் மூங்கிலும் சாக்கும் சுண்ணச்சாந்தும்தான். தட்டினால் 'டப்' என்னும்! ஒரு படம் முடிந்தால் அந்த அரண்மனையைப் பிரித்து அடுத்த படத்திற்குச் சிறைச்சாலை கட்டுவோம். நிற்பதற்காகக் கட்டியதில்லை, அண்ணே," என்று கூறி, வீடுகளின் பக்கமாகப் பொதுவாகக் கையைக் காட்டினார்.

"கட்டடம் போகட்டும், படச்சுருளையே காக்கவில்லையே," என்றார் ஆர்மோனியக் காரர். அது உண்மையே. பழைய சுருள்கள் எளிதிற் தீப்பற்றும் நைட்ரேட் பொருளால் ஆனவை. எரிந்தவை பல, உளுத்தவை பல, அவற்றிற் கலந்துள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' இன்று ஒரு படிகூட இல்லை. ஈராயிரம் ஆண்டுத் தாழியைத் திருக்கோகர்ணத்திற் பார்க்கலாம். நூறாண்டும் நிறையாத அப்படத்தை உலகில் எங்கும் பார்க்க இயலாது.

முதியவர் வாயிற்றூணைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றார். பெயரனுக்கு அது பொறுக்கவில்லை. தன் கைப்பேசியை எடுத்து, எதிர்ப்புறத்துத் திண்ணையில் இரு செங்கற்களுக்கிடையே அசையாதவாறு நிறுத்தினான்.

"தாத்தா, இடப்பக்கத் தூணருகே நில்லுங்கள். வலப்பக்கம் பாருங்கள்."

"அங்கே யாரும் இல்லையே!"

"சின்னப்பாவுக்கும் யாரும் இல்லை, தாத்தா. காற்றைப் பாருங்கள்."

முதியவருக்கு அப்பொழுதுதான் புரிந்தது. தோளில் இருந்த துண்டை இறுக்கிக் கட்டி, நிமிர்ந்து, வலப்புறக் காற்றைச் சினந்து நோக்கினார். பிறகு துண்டை அவிழ்த்துத் தோளிலிட்டு வலப்பக்கத் தூணருகே சென்று, இடப்புறக் காற்றை நோக்கிக் கைகூப்பினார். இடையில் ஏற்காட்டுப் பேருந்து ஒன்று குறுக்கே வந்தமையால் இரண்டாம் முறையும் நிற்க நேர்ந்தது. அதற்குள் மேகம் கதிரவனை மறைத்தது. ஆலைக்காரர் சாலையில் நின்று இருபுறமும் ஊர்திகளை நிறுத்த முயன்று ஓர் ஓட்டுநரிடம் வசைமொழியும் பெற்றார்.

திரும்பும் வழியில் நாமக்கல் மலைக்கோட்டை தெரியும் இடத்தில் பையன் இரு பாதிகளையும் ஒன்றாக இணைத்துக் காட்டினான். ஒரு பாதி வெயில், மறு பாதி நிழல். நடுவே கோடு நன்றாகவே தெரிந்தது. "விளக்கொளி மாறலாகாது என்று சொன்னேனே," என்றார் ஆர்மோனியக் காரர். முதியவர் கண்ணுக்கு மிக அருகில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டார். வாயிலின் இருபுறமும் அவரே நின்றார். ஒருவர் சினந்தார், ஒருவர் வணங்கினார்.

"இரண்டு பேர் நிற்கிறார்களடா," என்றார் முதியவர்.

"இருவரில் நல்லவர் எவர்?" என்று கேட்டார் ஆலைக்காரர்.

"தேநீருக்குக் காசு கொடுத்தவர்," என்றான் பையன்.