ஒரு துளிக்கு முன்



மனத்தை அடக்குதல் முனிவர்க்குரிய தொழில் என்றே நானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைக் குலைத்தது ஒரு கூம்புக் குடுவை!

சென்ற பருவத்தில் ஒரு நாள், ஆய்வுக்கூடத்தில் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலைத் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பினால்ஃப்தலீன் இட்ட அமிலத்தில் கடைசித் துளி விழுந்ததும் மெல்லிய இளஞ்சிவப்புத் தோன்றவேண்டும். எனக்கோ மும்முறையும் பீட்ரூட் சாறுபோல் சிவந்துவிட்டது. கை பியூரெட்டின் திருகில் இருந்தது. மனமோ விஜயநகரில் என் அறையிலேயே தங்கிவிட்டது.

அன்று காலை சத்தியமங்கலத்திலிருந்து அப்பா தொலைபேசியில் அழைத்திருந்தார். “சாப்பிட்டியா கண்ணு?” என்பதுதான் நாள்தோறும் அவருடைய முதற் கேள்வி. “இதைக் கேக்கத்தான் கூப்புட்டீங்களா?” என்று சீறிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் பத்து நாள் அழைக்கவும் இல்லை.

உடல் ஓரிடம், உள்ளம் வேறிடம் என்னும் இந்நிலை எனக்கு மட்டும் உற்றதன்று. 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்னும் இருவர் 2,250 பேரைக் கைப்பேசி வழியே இடையிடையே வினவினர். என்ன செய்கிறீர்? எதை எண்ணுகிறீர்? எவ்வாறு உணர்கிறீர்? விடைகளுள் 46.9 விழுக்காட்டில் மனம் கைவேலையில் இல்லை! இனியவற்றை எண்ணி அலைந்தபோதுகூட, வேலையில் ஒன்றியிருந்தபோதைவிட மகிழ்ச்சி மிகவில்லையாம். பகற்கனவில் வல்லவர்களான நமக்கு இது கசப்பான செய்திதான்.

சரி, சினம் எழுந்தபின் தேர்ந்தெடுக்க நமக்கு இடமுண்டா? 1983-இல் பெஞ்சமின் லிபெட் ஓர் ஆய்வை வெளியிட்டார். மணிக்கட்டை அசைப்பதற்கு ஏறத்தாழ அரை வினாடிக்கு முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிடுகிறது. ‘அசைப்போம்’ என்னும் உணர்வோ சுமார் 0.2 வினாடிக்கு முன்புதான் தோன்றுகிறது. எஞ்சிய அச்சிறு பொழுதில் ‘வேண்டா’ என்று தடுக்க இயலும் என்பது அவர் கருத்து. இதை மறுப்போர் இன்றும் உளர். எனினும், பியூரெட்டின் அடுத்த துளிக்கு முன் திருகை மூடும் கணம் எத்தகையது என்பதை வேதியியல் மாணவன் அறிவான்.

அக்கணத்தைக் காணும் பயிற்சியைப் பௌத்தர் பாலியில் ‘சதி’ என்றனர். 1979-இல் ஜான் கபட்-சின் அதனை அமெரிக்க மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். இதற்கு வரம்பும் உண்டு. 2000-இல் டீஸ்டேல் குழுவினர், மனச்சோர்வு நோயிலிருந்து மீண்ட 145 பேரை ஆராய்ந்தனர். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நோயுற்றவருள், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினர்க்கு நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றோரில் 37 விழுக்காட்டினர்க்கே திரும்பியது. இருமுறை மட்டும் உற்றவர்க்கோ பயன் தெரியவில்லை. ஆகவே இது சர்வரோக நிவாரணி அன்று. உறக்கமும் பசியும் கெட்டு வாரக்கணக்கில் வாடுவோர் தயங்காமல் மருத்துவரை நாடவேண்டும்.

நான் செய்வது எளிது. மாலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் கைப்பேசியைப் பையிலிட்டு நடக்கிறேன். பாதம் மண்ணைத் தொடுவதையும் மூச்சு வந்து போவதையும் கவனிக்கிறேன். பத்தடிக்குள் மனம் தேர்வு முடிவுக்கு ஓடிவிடும். ஓடியதைக் கண்டதும், திட்டாமல், மீண்டும் பாதத்துக்கு அழைத்து வருகிறேன். அவ்வாறு அழைத்து வருவதே பயிற்சி, ஓடாதிருப்பது அன்று. கூழைக்கடாக்கள் நீரில் இறங்குவதைப் பார்க்க நின்றுவிடுவதும் உண்டு. அதுவும் கணக்கில் சேரும் என்றே வைத்துக்கொண்டேன். நம் வளாகத்துக்கு ‘மானசகங்கோத்ரி’, அதாவது மனக்கங்கையின் ஊற்று, எனப் பெயரிட்டவர் கன்னடக் கவிஞர் குவெம்பு. ஏரிக்கு அருகில் அப்பெயர் எத்துணைப் பொருத்தம்!

பதினோராம் நாள் நானே அப்பாவை அழைத்தேன். மன்னிப்பை எப்படித் தொடங்குவது என்று திணறுவதற்குள் அவர் முந்திக்கொண்டார். “சாப்பிட்டியா கண்ணு?”

தொண்டைவரை வந்த பழைய எரிச்சலைக் கண்டேன். ஒரு மூச்சு விட்டேன். “ராகிக் களி சாப்பிட்டேனுங்க அப்பா. இங்கே முத்தேன்னு சொல்றாங்க,” என்றேன். அவர் சிரித்தார். பிறகு இருபது நிமிடம் மஞ்சள் விலையைப் பற்றிப் பேசினார்.