எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது? தோல் உறை சொல்லும் வியாபாரப் பாடம்



"கொஞ்சம் குறைச்சுத் தாங்க நானா" என்று கேட்காத வாடிக்கையாளர் நமது பகுதியில் இல்லை. விலையைக் குறைப்பது தவறல்ல. ஆனால் பொருளில் எதைக் குறைத்து விலையைக் குறைக்கிறோம் என்பதைப் பொறுத்தே கடையின் பெயர் நிற்கும் அல்லது விழும்.

நான் உப்புவெளியில் தோல் வேலை செய்கிறவன். இடுப்புப் பட்டி, கைப்பை, கத்தியுறை என்று பலதும் தைக்கிறேன். இன்றைய பாடத்துக்குக் கைத்துப்பாக்கி உறையை எடுத்துக்கொள்கிறேன். கைப்பையில் ஒரு குறை இருந்தால் வாங்கியவருக்குக் காசுதான் நட்டம். துப்பாக்கி உறையில் குறை இருந்தால் உயிரே போகலாம். ஆகவே எதில் கை வைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதை இந்தப் பொருள் நன்றாகக் காட்டித் தரும்.

முதலில் சட்டம்

நமது நாட்டில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரம் இல்லாதவர் துப்பாக்கியை வைத்திருப்பது குற்றம். "அளவுக்காக ஒரு நாள் கடையில் இருக்கட்டும்" என்று வாடிக்கையாளர் சொன்னாலும் நான் ஏற்பதில்லை. அவரது அனுமதிப்பத்திரத்தைப் பார்க்கிறேன். குண்டுகளை அவரே வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். தாளின் மேல் வைத்து உருவத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அளந்துகொள்கிறேன். அத்தோடு அவர் அதை எடுத்துச் சென்றுவிடுவார். அந்த அளவுக்கு ஒரு மரக்கட்டையைத் தச்சரிடம் செதுக்கி வாங்குகிறேன். மிச்ச வேலை முழுவதும் கட்டையை வைத்துத்தான்.

தோலைத் தெரிவு செய்தல்

சந்தையில் இரண்டு வகைத் தோல் உண்டு. ஒன்று மரப்பட்டையில் பதனிட்டது. மற்றது குரோம் உப்பில் பதனிட்டது. குரோம் தோல் ஓரிரு நாட்களில் தயாராகும், மிருதுவானது, விலையும் பெரும்பாலும் குறைவு. சப்பாத்துக்கும் கைப்பைக்கும் அது நல்லது. ஆனால் அழுத்தி உருவம் கொடுத்தால் அதில் உருவம் நிற்காது. பட்டைத் தோல் பதமாக வாரக்கணக்கில் செல்லும். அதை நனைத்து அழுத்தினால், காய்ந்த பிறகும் கொடுத்த உருவத்திலேயே இறுகி நிற்கும். உறைக்கு ஏற்றது அதுதான்.

இது நமக்கு அந்நியமான சரக்கல்ல. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றைக் கொண்டு பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் நெடுங்காலம் மேல்நாடுகளுக்குப் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் முஸ்லிம் வியாபாரிகள் இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்கள். சென்னைப் பெரியமேடு இதன் பெரிய சந்தை. பிற்காலத்தில் இந்தத் தோலுக்கு இந்தியாவில் புவிசார் குறியீடும் கிடைத்தது. வடக்கே கான்பூரில் 1860களில் தொடங்கிய அரசாங்கத் தொழிற்சாலை, குதிரைச் சேணமும் இராணுவத்துக்கான தோற்சாமான்களும் செய்தது. சேணக்காரரின் தையல்தான் இன்று உறை தைக்கிறவருக்கும் வழிகாட்டி.

கடையில் தோலை எப்படி இனங்காண்பது? வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் குரோம். முழுவதும் மண்ணிறமாக இருந்தால் பட்டைத் தோல். மேற்பூச்சு இல்லாத பட்டைத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக் கறுக்கும். சிறு துண்டை எரித்தால் குரோம் தோலின் சாம்பல் பச்சை கலந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இறக்குமதித் தோற்சாமான்களின் உட்புறத்துக்குப் பன்றித் தோல் போடுவது உலகச் சந்தையில் சாதாரணம். அதன் மேற்பரப்பில் மயிர்த் துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்து தெரியும். நமது வாடிக்கையாளருக்கு விற்கும் முன் பார்த்துக்கொள்வது நமது பொறுப்பு.

உறைக்கு 3 முதல் 3.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள மாட்டுத் தோல் வேண்டும். முதுகுப் பக்கத் துண்டே உறுதியானது. வயிற்றுப் பக்கம் மலிவு, ஆனால் இழுபடும்.

மாதிரி மட்டை

தடித்த மட்டையில் துப்பாக்கியின் உருவத்தை வரைகிறேன். துப்பாக்கிக்குத் தடிப்பு உண்டு என்பதால் அந்தக் கோட்டிலேயே தைத்தால் உள்ளே போகாது. ஆகவே தடிப்பின் பாதியையும் தோலின் தடிப்பையும் கூட்டி, அவ்வளவு வெளியே தள்ளித் தையல் கோட்டை வரைய வேண்டும். அதற்கு வெளியே இன்னும் 8 முதல் 10 மில்லிமீட்டர் ஓரம் விட வேண்டும். இடுப்புப் பட்டி நுழையும் வாயை, வாடிக்கையாளர் கட்டும் பட்டியின் அகலத்தை அளந்தே போட வேண்டும்.

மட்டையை வெட்டி, மரக்கட்டையை வைத்துப் பிடித்துப் பார்த்த பிறகே தோலில் கத்தி வைக்கிறேன். மட்டையில் வந்த பிழையை இறப்பரால் அழிக்கலாம். தோலில் வெட்டியதை ஒட்ட முடியாது. சரியாக வந்த மட்டையில் அளவுகளை எழுதித் தொங்கவிட்டால் அடுத்த ஓடருக்கு அதுவே முதலாகிறது.

தையல்

ஒட்ட வேண்டிய ஓரங்களைச் சுரண்டி, பசை பூசி, காயவிட்டு ஒட்டுகிறேன். தையல் கோட்டில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளை. குத்தூசியால் நேராகக் குத்தி, தேன்மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இரு பக்கத்தாலும் செலுத்தி இழுக்கிறேன். இதுதான் சேணத் தையல். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்து நிற்கும். இயந்திரத் தையலில் ஓரிடம் அறுந்தால் வரிசையாகக் கழன்று வர இடமுண்டு. நூல், தைக்கும் நீளத்தைப் போல் நான்கு மடங்குக்குக் குறையாமல் வேண்டும்.

உருவம் கொடுத்தல்

தைத்த உறையைச் சற்று வெதுவெதுப்பான தண்ணீரில் சில விநாடிகள் தோய்க்கிறேன். கொதிநீர் கூடாது, தோல் சுருங்கி விறைத்துவிடும். பொலித்தீன் சுற்றிய மரக்கட்டையை உள்ளே இறக்கி, வழவழப்பான எலும்பாலோ கரண்டிக் காம்பாலோ அழுத்தி உருவத்தை எடுக்கிறேன். பிறகு நிழலில் காயவைக்கிறேன். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். நல்ல காலநிலையில் ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான நமது மழைக்காலத்தில் இன்னும் நாட்கள் செல்லும். காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதங்களில் ஓடர் எடுக்கும்போதே கூடுதல் தவணை கேட்டுவிடுங்கள்.

காய்ந்ததும் ஓரத்தை மண்தாளால் தேய்த்து, ஈரம் தொட்டு மரத்துண்டால் உரசினால் பளபளக்கும். சாயம், மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, கடைசியில் மெழுகு. எண்ணெய் கூடினால் எடுத்த உருவம் தளர்ந்துவிடும்.

கொடுக்கும் முன்

மூன்றைப் பார்க்கிறேன். விசைப் பகுதி முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். கட்டையோடு தலைகீழாகப் பிடித்தாலும் விழக்கூடாது. கட்டையை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். மூன்றாவது மிக முக்கியம். வாய் தளர்ந்து தோல் உள்ளே மடிந்தால், துப்பாக்கியைச் செருகும்போது அந்த மடிப்பு விசையை அழுத்திவிடலாம். மெல்லிய, மலிவான தோலின் ஆபத்து இங்கேதான். உறையில் தளர்வு தெரிந்தால் பாவிக்க வேண்டாம் என்றும், துப்பாக்கியை உறைக்குள் நீண்ட நாள் வைத்தால் துருப்பிடிக்கும் என்றும் வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

இப்போது விலை

கணக்கு விளங்குவதற்காக எண்கள் எடுக்கிறேன். இவை சந்தை விலை அல்ல. தோல் சதுர அடி 1,000 ரூபா என்போம். உறைக்கு ஒரு சதுர அடி வேண்டும். வாங்கும் தோலில் கால்வாசி கழிவாகப் போனால் உண்மையான செலவு 1,333 ரூபா. நூல், பசை, சாயம், பட்டன் 300. கருவித் தேய்மானம், வாடகைப் பங்கு 400. ஆறு மணி நேரக் கூலி, மணிக்கு 400 வீதம் 2,400. மொத்தம் 4,433 ரூபா. இதற்கு மேல்தான் இலாபம்.

நம்மில் பலர் கணக்குப் பார்ப்பது வேறு விதம். "தோல் 1,000, மற்றது 300, இரட்டித்து 2,600க்குக் கொடுப்போம், 1,300 இலாபம்" என்பார்கள். கழிவையும் வாடகையையும் கழித்தால் மிஞ்சுவது 567 ரூபா. ஆறு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 95 ரூபாகூட இல்லை. இலாபம் இருக்கட்டும், கூலியே வரவில்லை. இப்படிப்பட்டவர் நாளடைவில் தோலின் தடிப்பில் கை வைப்பார். கெடுதல் தொடங்கும் இடம் அதுதான்.

அப்படியென்றால் குறைத்துக் கேட்பவருக்கு என்ன பதில்? சாயம் வேண்டாம், இயற்கை நிறம் போதும் என்றால் குறைக்கலாம். பூ வேலைப்பாட்டை விடலாம். பித்தளைப் பட்டனுக்குப் பதில் சாதாரண பட்டன் போடலாம். மாதிரி மட்டை ஏற்கனவே இருக்கும் அளவென்றால் அந்த நேரத்துக்கான கூலியை விட்டுக்கொடுக்கலாம். தோலின் வகை, தடிப்பு, தையல், காயவைக்கும் நாட்கள் ஆகிய நான்கிலும் குறைப்பில்லை. இவற்றைக் குறைத்தால்தான் வாங்குவேன் என்பவரிடம், "இந்த ஓடரை என்னால் செய்ய முடியாது" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புகிறேன்.

உங்கள் தொழில் தளபாடமாக இருக்கலாம், தையலாக இருக்கலாம், பேக்கரியாக இருக்கலாம். ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழியுங்கள். ஒரு பக்கம் குறைக்கக் கூடியவை, மறுபக்கம் குறைக்க முடியாதவை என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் பேரம் பேச வருவதற்கு முன்பே அந்தப் பட்டியல் உங்கள் மேசையில் இருக்கட்டும்.