கரண்டு எடுத்த தண்ணீரில் சத்து உண்டா?



கம்பத்தை அடுத்த ஒரு பள்ளியில் அறிவியல் மன்றக் கூட்டம். நான் பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “சார், லோயர் கேம்ப்பில் தண்ணீரிலிருந்து கரண்டை எடுத்துவிடுகிறார்களே, அப்புறம் அதில் சத்து இருக்குமா? சக்கையைத்தான் வயலுக்கு விடுகிறார்கள் என்கிறார் எங்கள் தாத்தா.”

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மின்சாரம் எங்கிருந்தோ வந்துதானே ஆகவேண்டும்? தண்ணீர் எதையோ இழந்திருக்கத்தானே வேண்டும்? நல்ல கேள்வி!

“தண்ணீரையே கேட்டுவிடுவோம்” என்று என் மந்திரச் சாக்கட்டியை எடுத்து ஒரு வட்டம் போட்டேன். நாற்பது மாணவர்களும் நாற்பது நீர்த்துளிகள் ஆனார்கள்! எப்படி என்று கேட்காதீர்கள். மற்றதெல்லாம் சுத்த இயற்பியல்.

தேக்கடியில் புறப்பாடு

விழுந்த இடம் பெரியாறு நீர்த்தேக்கம். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றைப் பென்னிகுவிக் அணை கட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது 1895-இல். ஒவ்வொரு துளியின் முதுகிலும் ஒரு புத்தகப் பை. உள்ளே புத்தகம் இல்லை. மலைப்பாறையில் கரைந்து வந்த உப்புகள். பயிர் வேண்டுவது இந்த உப்புகளைத்தான்.

சுரங்கத்தைக் கடந்ததும் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்கள். குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். 1958-லிருந்து இவற்றின் அடியில் மின்நிலையம் இயங்குகிறது.

குழாயில் ஓர் ஏமாற்றம்

“இனிமேல்தான் சார் சறுக்குமரம்!” என்று ஒரு துளி குதித்தது. இறக்கம் 350 மீட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தடையில்லாமல் விழுந்தால் அடியில் வேகம் வினாடிக்கு 83 மீட்டர். அதாவது மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர்!

ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. குழாய் நிறையத் தண்ணீர். முன்னே போகும் துளி வழிவிட்டால்தானே பின்னே வரும் துளி ஓடும்? காலைநேர டவுன் பஸ்ஸில் நிற்பதைப் போல நெருக்கியடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் இறங்கினோம். வேகம் கூடவில்லை, அழுத்தம் கூடியது. அடியில் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 34 மடங்கு! “நசுங்கிவிடுவோம் சார்” என்று அலறினார்கள். பயப்படத் தேவையில்லை. தண்ணீர் எளிதில் சுருங்காது. அத்தனை அழுத்தத்திலும் கன அளவு ஆயிரத்தில் இரண்டு பங்குகூடக் குறையவில்லை.

வெந்நீர் ஆவோமா?

“இவ்வளவு உயரத்திலிருந்து வந்து மோதினால் கொதித்துவிட மாட்டோமா?” இன்னொரு துளியின் கவலை. கணக்குப் போடுவோம்.

1 கிலோ தண்ணீர் 350 மீட்டர் இறங்கினால் கிடைக்கும் ஆற்றல்:
1 × 9.8 × 350 = 3,430 ஜூல்.

1 கிலோ தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கச் சுமார் 4,190 ஜூல் வேண்டும். ஆகவே இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமானாலும் 0.8 டிகிரிதான் ஏறும். குளிக்கக்கூடப் போதாது! அதிலும் பெரும்பகுதியைச் சுழலி வாங்கிக்கொண்டது. இதழ்களைத் தள்ளினோம், சுழலி சுற்றியது, அதோடு சேர்ந்து மின்னாக்கியும் சுற்றியது. எங்களை நெருக்கிய அழுத்தம் போன இடம் தெரியவில்லை. அமைதியாக வெளியே வந்து விழுந்தோம்.

சத்து எங்கே போயிற்று?

வருகைப் பதிவேட்டை விரித்தேன். துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால் யார் யாரென்று தெரியவில்லை! வேறு வழியின்றி எல்லோரையும் சேர்த்து எடை போட்டேன். இம்மியும் குறையவில்லை. பைகளைச் சோதித்தேன். உப்புகள் அப்படியே இருந்தன.

அப்படியானால் இழந்தது எது? உயரம்! அது ஒன்றுதான். மலைமேல் இருந்ததால் பெற்றிருந்த நிலை ஆற்றலைக் கொடுத்துவிட்டு வந்தோம். குழாயே இல்லாமல் பாறைகளில் உருண்டு வந்திருந்தாலும் அதை இழந்துதான் இருப்போம். ஆனால் அது பாறையையும் நீரையும் கொஞ்சம் சூடாக்கியதோடு வீணாகியிருக்கும். நெல்லுக்கு நீரின் உயரம் வேண்டியதில்லை. நீரும் உப்பும் போதும்.

ஆனாலும் தாத்தாவைக் கேலி செய்யாதீர்கள். அவர் சொல்லில் ஒரு துளி உண்மை உண்டு. வெள்ளம் அடித்துவரும் வண்டல் மண் வயலுக்கு நல்ல உரம். அணையில் நீர் தேங்கும்போது அந்த வண்டலில் பெரும்பகுதி அடியில் படிந்துவிடுகிறது. அது நீரைத் தேக்கியதன் விளைவு. கரண்டு எடுத்ததன் விளைவு அன்று.

நாங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயலுக்கும் திராட்சைப் பந்தலுக்கும் பிரிந்து போனோம். மீதிப்பேர் வைகை அணைக்கு. சில துளிகளை வெயில் ஆவியாக்கி மேலே தூக்கிற்று. இழந்த உயரத்தைத் திருப்பிக் கொடுப்பது அதுதான்! ஆக, லோயர் கேம்ப்பில் நாம் எடுப்பது சூரியன் ஏற்றிவைத்த சத்து.

சாக்கட்டியை மறுபடி சுற்றினேன். நாற்பது பேரும் நனைந்த சட்டையோடு பெஞ்சில் இருந்தார்கள். “தாத்தாவிடம் என்ன சொல்வாய்?” என்றேன். “சக்கை இல்லை தாத்தா, மலையிலிருந்து இறங்கின கூலியைத்தான் வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்வேன் சார்!” என்றான்.

நீங்களே செய்து பாருங்கள்: ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். 5 மீட்டர் உயரத்தில் 1,000 லிட்டர் தொட்டி. இழப்பே இல்லையென்றால், ஒரு யூனிட்டுக்கு எத்தனை தொட்டி நீர் இறங்கவேண்டும்? 350 மீட்டர் என்றால் எத்தனை லிட்டர் போதும்? (விடை: சுமார் 73 தொட்டி, சுமார் 1,050 லிட்டர்.) மலை நமக்குத் தரும் கொடை எவ்வளவு பெரிது, பார்த்தீர்களா?